மூடிய பெட்டிக்குள் ஓடும் தானியம்

கேரளத்தில் வாழும் நமக்குச் சோறு போடுவது பெரும்பாலும் சரக்கு ரயில்தான். பாலக்காட்டிலும் குட்டநாட்டிலும் விளையும் நெல் இந்த மாநிலத்தின் தேவைக்குப் போதாது என்பது அனைவரும் அறிந்த செய்தி. நாம் உண்ணும் அரிசி மட்டுமல்ல, நாம் குடிக்கும் பாலைத் தரும் மாடு தின்னும் மக்காச்சோளமும் தவிடும் பிண்ணாக்கும்கூடப் பெருமளவு வெளி மாநிலங்களிலிருந்தே வருகின்றன. அவை வண்டியிலிருந்து இறங்கி, கிடங்குக்குள் சென்று, அரைபட்டு, கலந்து, மீண்டும் மூட்டையாகி வெளியே வருவதற்குள் எத்தனை கைகள் மாறுகின்றன, எவ்வளவு சிந்துகிறது, அந்தத் தூசியை யார் சுவாசிக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான் டிப்ளமோ படித்துவிட்டு இருப்புப்பாதைத் துறையில் சேர்ந்தவன். திருவனந்தபுரம் கோட்டம் 1979 அக்டோபர் 2ஆம் நாள் உருவானது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பணியில் சேர்ந்து, வேகன் பராமரிப்பிலேயே என் காலத்தைக் கழித்தேன். ஓய்வு பெற்றபின் நம் சங்க நண்பர்கள் சிலர், தங்கள் பிள்ளைகள் தொடங்கவிருக்கும் தீவன ஆலைகளுக்கும் மாவு மில்களுக்கும் இயந்திரம் வாங்குவது பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தனித்தனியே சொன்னவற்றைத் தொகுத்து எழுதினால் எல்லோருக்கும் பயன்படுமே என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். பொருள் இதுதான்: தானியத்தையும் தீவனத்தையும் மூட்டையில் அடைக்காமல், மூடிய பெட்டிக்குள் ஓடவிட்டு நகர்த்தும் கன்வேயர்கள்.

மூட்டையும் மொத்தமும்

முதலில் ஒரு கணக்கு. நாற்பத்திரண்டு மூடிய வேகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயில் ஏறக்குறைய 2,600 டன் தானியம் கொண்டுவரும். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 52,000 மூட்டைகள். வேகனிலிருந்து நடைமேடை, நடைமேடையிலிருந்து லாரி, லாரியிலிருந்து கிடங்கின் அடுக்கு, அடுக்கிலிருந்து மீண்டும் லாரி, லாரியிலிருந்து ரேஷன் கடை என்று ஒவ்வொரு மூட்டையும் குறைந்தது ஐந்து முறை ஒரு மனிதனின் தலையிலோ தோளிலோ ஏறி இறங்குகிறது. ஒரு ரயிலுக்கு 2,60,000 தூக்கல்கள்! ஒவ்வொரு தூக்கலிலும் கொக்கி குத்திய துளை வழியே ஒரு பிடி சிந்தினாலும் மொத்தம் எவ்வளவு என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மூட்டையே இல்லாமல் தானியத்தை மொத்தமாகக் கையாளும் முறை நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. பஞ்சாபில் மோகாவிலும் ஹரியானாவில் கைத்தலிலும் இந்திய உணவுக் கழகத்துக்காக அதானி நிறுவனம் கட்டிய பெரும் எஃகுக் குதிர்கள் 2007 முதல் இயங்குகின்றன. அங்கே விவசாயி கொண்டுவரும் கோதுமை மூட்டை கட்டப்படாமலேயே குதிருக்குள் ஏறுகிறது. மேல்வழியே நிரப்பி அடிவழியே கொட்டும் தனிவகை வேகன்களில் பயணம் செய்து, சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, நவி மும்பை, ஹூக்ளி ஆகிய இடங்களில் உள்ள குதிர்களில் இறங்குகிறது. இடையில் எந்த மனிதனின் முதுகும் வளைவதில்லை.

நம் கேரளத்தில் இதற்கு மிக நெருங்கிய உதாரணம் மாட்டுத்தீவன ஆலைகளே. பட்டணக்காட்டிலும் மலம்புழையிலும் மில்மாவின் தீவன ஆலைகள் உள்ளன. திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில் 1999 முதல் தீவனம் தயாரிக்கும் கேரளா ஃபீட்ஸ் என்ற அரசு நிறுவனம் 1995இல் தொடங்கப்பட்டது. இரிஞ்ஞாலக்குடா என்ற பெயருடைய ரயில் நிலையம் உண்மையில் இந்தக் கல்லேற்றுங்கரையில்தான் உள்ளது என்பதை அவ்வழியே பயணம் செய்தோர் அறிவர். எந்தப் பெரிய தீவன ஆலையை எடுத்துக்கொண்டாலும் அதன் நரம்பு மண்டலம் கன்வேயர்தான். அரைக்கும் இயந்திரமும் கலக்கும் இயந்திரமும் ஓரிடத்தில் நிற்பவை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, மேலும் கீழும் குறுக்குமாகப் பொருளைக் கொண்டுசெல்பவை இந்தப் பெட்டிகள். அதில் ஒன்று நின்றால் ஆலையே நின்றுவிடும்.

சற்றே வரலாறு

திருகு ஒன்றைக் குழாய்க்குள் சுழற்றித் தண்ணீரை மேலேற்றும் முறையை ஆர்க்கிமிடீஸின் பெயரால் உலகம் அழைக்கிறது. அதே திருகைத் தானிய ஆலைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டெலவேர் பகுதியைச் சேர்ந்த ஆலிவர் எவன்ஸ். வாளிகள் கோத்த வார், திருகு, இழுவைப் பலகை ஆகியவற்றை இணைத்து, கோதுமை உள்ளே போனால் மனிதக் கை படாமல் மாவு வெளியே வரும் ஆலையை அவர் 1780களில் அமைத்தார். 1790இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்கூடத் தம் பண்ணை ஆலையில் இந்த முறையை அமைத்துக்கொண்டார்.

அடுத்த பெரிய படியை ஏற்றவர் ஆர்னால்டு ரெட்லர் என்ற ஆங்கிலேயர். 1920களில் அவர் உருவாக்கிய சங்கிலிக் கன்வேயர் இன்றைக்கும் பல ஆலைகளில் அவர் பெயராலேயே 'ரெட்லர்' என்று வழங்கப்படுகிறது. அதன் தத்துவம் அழகானது. மூடிய செவ்வகப் பெட்டியின் தரையில் ஒரு சங்கிலி ஓடுகிறது. அதில் சிறு குறுக்குக் கம்பிகள் மட்டுமே உண்டு. முழுப் பெட்டியையும் அடைக்கும் பலகைகள் இல்லை. ஆனாலும் கம்பிக்கு மேலே பல அங்குல உயரம் நிற்கும் தானியம் முழுவதும் ஒரே பாளமாக நகர்கிறது. எப்படி?

ஆற்றுகால் பொங்கலன்று கிழக்கேகோட்டைப் பக்கம் நெரிசலில் அகப்பட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். நாம் நடக்க வேண்டியதே இல்லை; முன்னும் பின்னும் இருப்பவர்கள் நகர்ந்தால் நாமும் நகர்ந்துவிடுவோம். சுவரோரம் இருப்பவர் சுவரில் உரசிக்கொண்டே கூட்டத்தோடு போய்விடுவார். தானியமும் அப்படித்தான். மணிக்கும் மணிக்கும் இடையே உள்ள உராய்வு, மணிக்கும் வழவழப்பான எஃகுச் சுவருக்கும் இடையே உள்ள உராய்வைவிட அதிகம். ஆகவே அடியில் ஒரு பகுதியை இழுத்தால் மேலே உள்ளதும் கூடவே வருகிறது. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று புரளாததால் உடைவதும் குறைவு, தூசியும் குறைவு.

நான்கு வகைப் பெட்டிகள்

திருகுக் கன்வேயர் எல்லாவற்றிலும் மலிவானது, எளியது. குறுகிய தூரத்துக்கும், அளவாகப் பொருளைச் செலுத்துவதற்கும் ஏற்றது. ஆனால் தொட்டியில் பாதிக்கும் குறைவாகவே நிரப்ப வேண்டும். திருகுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள இடுக்கில் எப்போதும் ஒரு படலம் பொருள் தங்கிவிடும். பெல்லட் தீவனத்தை நீண்ட திருகில் அனுப்பினால் பாதி வழியிலேயே பொடியாகும். நீளம் கூடினால் நடுவில் தொங்கும் பேரிங் வைக்க வேண்டும். அது தூசிக்குள்ளேயே கிடப்பதால் முதலில் கெடுவதும் அதுவே.

சங்கிலிக் கன்வேயர் நான் மேலே சொன்ன ரெட்லர் வகை. நொடிக்கு அரை மீட்டர் அளவில் மெதுவாகவே ஓடும். பல இடங்களில் நிரப்பலாம், பல இடங்களில் கதவு திறந்து இறக்கலாம். ஒரே வரிசையில் எட்டுக் குதிர்கள் இருந்தால் ஒரே பெட்டி எட்டுக்கும் பரிமாறும். தீவன ஆலைகளில் இதுவே உழைப்பாளி. எடை அதிகம், சங்கிலி தேயும், மின்சாரம் சற்றே கூடுதலாகத் தின்னும் என்பவை குறைகள்.

மூடிய பெல்ட் கன்வேயர் நீண்ட தூரத்துக்கு உகந்தது. நொடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் வேகத்தில் ஓடும். பொருளை உருளைகள் சுமப்பதால் உராய்வு குறைவு. ஒரே வேலைக்குச் சங்கிலியைவிட மின்சாரம் குறைவு. ஆனால் ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பேரிங் உண்டு. நூறு மீட்டர் நீளத்தில் எத்தனை பேரிங் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் எது சூடாகிறது என்பது மூடிக்குள் தெரியாது.

நான்காவது வாளி எலிவேட்டர். செங்குத்தாக மேலேற்றுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆலைக் கட்டடத்தின் உச்சியில் தெரியும் இரட்டைக் குழாய் இதுதான். ஒன்றில் வாளி மேலே போகிறது, மற்றதில் இறங்குகிறது. ஆனால் நான்கிலும் மிகவும் மரியாதையோடு பழக வேண்டியது இதனிடம்தான். காரணம் பின்னால் வருகிறது.

காற்றின் வேகத்தில் குழாய்வழியே ஊதி அனுப்பும் முறையும் உண்டு. சுத்தமானது, வளைந்து செல்லக்கூடியது. ஆனால் மின்சாரக் கட்டணம் மிகவும் கூடும். மாவு போன்ற இலேசான பொருளுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஒரு சிறு கணக்கு

இயந்திரம் விற்பவர் 'மணிக்கு அறுபது டன்' என்று சொல்லும்போது, எந்தப் பொருளுக்கு என்று கேட்க வேண்டும். ஏன் என்பதற்கு இந்த உதாரணம் போதும்.

சங்கிலிப் பெட்டியின் அகலம் 300 மில்லிமீட்டர், பொருள் நிற்கும் உயரம் 250 மில்லிமீட்டர் என்று கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு 0.3 பெருக்கல் 0.25, அதாவது 0.075 சதுர மீட்டர். சங்கிலியின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். ஆகவே நொடிக்கு 0.03 கன மீட்டர். மணிக்கு 108 கன மீட்டர். மேல் அடுக்கு சற்றே பின்தங்கும் என்பதால் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு மட்டும் கணக்கில் எடுத்தால் 92 கன மீட்டர் வரும்.

மக்காச்சோளம் ஒரு கன மீட்டர் சுமார் 720 கிலோ. எனவே மணிக்கு 66 டன் செல்லும். அதே பெட்டியில் தவிடு போட்டால்? தவிடு ஒரு கன மீட்டர் சுமார் 300 கிலோதான். மணிக்கு 27 டன்னுக்கு மேல் போகாது. இயந்திரம் அதே, மோட்டார் அதே, வேகமும் அதே. விளம்பரத் தாளில் உள்ள 'அறுபது டன்' தவிட்டுக்குப் பாதிக்கும் கீழே போய்விட்டது. நம் ஊர்த் தீவனத்தில் தவிடும் பிண்ணாக்கும் பெரும்பங்கு. ஆகவே டன்னை நம்பாமல் கன மீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

தூசி என்னும் வெடிமருந்து

இனிதான் முக்கியமான செய்தி. அரிசி மாவும் சோளத் தூசியும் தவிட்டுப் பொடியும் சோறுபோடும் பொருள்கள் என்றே நாம் நினைக்கிறோம். காற்றில் தக்க அளவில் கலந்து, மூடிய இடத்தில், ஒரு தீப்பொறி கிடைத்தால் அவை வெடிமருந்துதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாவுக் கிடங்கு விளக்குச் சுடரால் வெடித்தது ஏட்டில் பதிவாகியுள்ளது. 1878 மே 2ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் மாண்டனர். 1977 டிசம்பரில் லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் குதிர் நிலையம் வெடித்து 36 பேர் இறந்தனர்.

வெடிப்புக்கு ஐந்து வேண்டும் என்று பொறியியல் நூல்கள் சொல்லும். எரியும் பொருள், பிராணவாயு, தீப்பொறி, பொருள் காற்றில் மிதத்தல், அடைபட்ட இடம். ஐந்து விரலும் சேர்ந்தால்தான் முஷ்டி. ஒன்று குறைந்தாலும் அடி விழாது. தானியத் தூசிக்குக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் இருந்தால் போதும். அது மிக அடர்த்தியான தூசி மேகம். அதற்குள் நின்றால் எதிரே நிற்பவர் தெரியமாட்டார். மனிதர் வேலை செய்யும் இடத்தில் அத்தகைய மேகம் சாதாரணமாக இராது. ஆனால் ஓடும் வாளி எலிவேட்டருக்குள் அது பெரும்பாலும் எப்போதுமே இருக்கிறது. அதனால்தான் அதனிடம் மரியாதை வேண்டும் என்றேன்.

'எங்கள் ஆலையில் தரையில் இலேசாகத்தான் தூசி' என்று சொல்வோர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தரையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூசி படிந்திருக்கிறது என்போம். ஒரு சதுர மீட்டரில் அது சுமார் 500 கிராம். ஐந்து மீட்டர் உயரமுள்ள அறையில் அது முழுவதும் மேலே கிளம்பினால் கன மீட்டருக்கு 100 கிராம். தேவையான அளவைப்போல் இரு மடங்கு. எது அதைக் கிளப்பும்? எலிவேட்டருக்குள் நிகழும் சிறிய முதல் வெடிப்பே கிளப்பிவிடும். அந்த அதிர்ச்சியில் உத்தரங்களிலும் தரையிலும் படிந்த தூசி எழும்பி, இரண்டாவது வெடிப்பாகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதே.

மூடியே வினையான கதை

அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிட்டால் தூசி வெளியே வராது, ஆபத்தும் தீர்ந்தது என்று தோன்றும். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலைக்குச் செல்வோம்.

அங்கே குதிர்களுக்கு அடியில் ஒரு சுரங்க நடையில் பெல்ட் கன்வேயர் ஒன்று பல ஆண்டுகள் திறந்தபடியே ஓடியது. சர்க்கரையில் வேறு எதுவும் விழுந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 2007இல் அதை எஃகுத் தகடுகளால் மூடினார்கள். ஆனால் மூடிக்குள் தூசியை உறிஞ்சும் ஏற்பாடு வைக்கவில்லை; வெடித்தால் அழுத்தம் வெளியேறும் வழியும் வைக்கவில்லை. முன்பு சுரங்கம் முழுவதும் பரவி இலேசாக இருந்த தூசி, இப்போது சிறு பெட்டிக்குள் செறிந்தது. 2008 பிப்ரவரி 7ஆம் நாள் இரவு அது வெடித்தது. சூடேறிய ஒரு பேரிங்கே பெரும்பாலும் தீப்பொறி என்று விசாரணை வாரியம் முடிவு கூறியது. ஆலையெங்கும் படிந்திருந்த சர்க்கரைத் தூசி அடுத்தடுத்து வெடிக்க, 14 பேர் உயிரிழந்தனர்.

ஐந்து விரல் கணக்கை இப்போது நினைவுகூருங்கள். மூடி போடும்போது நாம் வெளியே உள்ள தூசியைக் குறைக்கிறோம்; அதே கையால் 'அடைபட்ட இடம்' என்ற ஐந்தாவது விரலை நாமே கொண்டுவந்து கொடுக்கிறோம். மூடுவது சரி. ஆனால் மூடியோடு வேறு சிலவும் சேர்ந்தே வர வேண்டும். உள்ளே சற்றே குறைந்த அழுத்தம் நிலைக்கும்படி காற்றை உறிஞ்சி வடிகட்டும் பை வடிகட்டி. எலிவேட்டரின் தலையில் வெடிப்பு அழுத்தத்தை ஆள் நடமாட்டமில்லாத வெளிப்பக்கம் விடும் மெல்லிய தகட்டுச் சாளரம். இரும்புத் துண்டுகளைப் பிடிக்க நுழைவாயிலில் காந்தம். நிலைமின்சாரம் தங்காதபடி எல்லாப் பகுதிகளையும் இணைத்த எர்த் கம்பி. இவை இல்லாத மூடி, பாதுகாப்பு அன்று.

சென்ற சில ஆண்டுகளில் தென்மாவட்டத்து ஆலை ஒன்றைப் பார்க்க நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். பெயர் வேண்டாம். புதிய எலிவேட்டர், புதிய சங்கிலிப் பெட்டி, பளபளப்பான நீல வண்ணம். உறிஞ்சும் குழாய் எங்கே என்று கேட்டேன். 'அது அடுத்த கட்டத்தில் சார், பட்ஜெட் போதவில்லை' என்றார்கள். திருகுத் தொட்டி ஒன்றின் மேல்மூடி கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. அடைப்பு எடுக்க வசதியாக இருக்குமாம். அடைப்பு எடுக்கும் தொழிலாளியின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. 'பழைய கதை சார்' என்று சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும், வெடிக்கும் தூசிக்கு ஏற்பாடு வேண்டும் என்பதை 37ஆம் பிரிவும் அப்போதே எழுதிவைத்தன. அவர் விரல்கள் போனது சட்டம் இல்லாததால் அன்று.

ரயில்வே கற்றுத் தந்த மூன்று பாடங்கள்

முதல் பாடம், சூடான அச்சுப்பெட்டி. வேகன் பராமரிப்பில் எங்களுக்குப் பெரும் பகை 'ஹாட் ஆக்ஸில்' எனப்படும் இதுவே. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே பரிசோதகர் ஓசையைக் காதால் கேட்பார். நின்றதும் ஒவ்வோர் அச்சுப்பெட்டியின் சூட்டையும் சோதிப்பார். பேரிங் திடீரென்று சாவதில்லை. முதலில் முனகும், பிறகு சூடாகும், பிறகுதான் சிக்கும். கன்சாஸ் மாநிலத்தின் ஹேஸ்வில் ஊரில் 1998 ஜூன் 8ஆம் நாள் ஒரு மாபெரும் தானியக் குதிர் நிலையம் வெடித்து ஏழு பேர் இறந்தனர். குதிருக்கு அடியில் ஓடிய பெல்ட்டின் ஓர் உருளையில் பேரிங் சிக்கி, சுழலாத உருளைமேல் பெல்ட் தேய்ந்து சூடேறியதே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையில் கண்டனர். ஒரே ஒரு பேரிங்! ஆகவே பேரிங் எப்போதும் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். முக்கியமான இடங்களில் வெப்ப உணரி வைக்க வேண்டும். உணரி இருந்தாலும், ஷிப்டுக்கு ஒருமுறை ஒரு மனிதன் நடந்து சென்று ஓசை கேட்பதை நிறுத்தக் கூடாது.

இரண்டாம் பாடம், இன்டர்லாக்கிங். பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டப்படாமல் கைகாட்டி இறங்காது, இறங்கவும் முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரின் ஞாபகத்தை நம்பி நாங்கள் ரயில் விடுவதில்லை. கன்வேயர் வரிசைக்கும் இதே தர்மம். ஓட்டத் தொடங்கும்போது கடைசியில் உள்ளது முதலில் ஓட வேண்டும். பிறகு அதற்கு முந்தையது. நிறுத்தும்போது முதலில் உள்ளது முதலில் நிற்க வேண்டும். நடுவில் ஒன்று நின்றால் அதற்கு முன்னால் உள்ள எல்லாமே தாமாக நிற்க வேண்டும்; இல்லையேல் பொருள் வந்து குவிந்து, எலிவேட்டரின் அடிப்பகுதி நிறைந்து, வார் நகராமல் தலைச்சக்கரம் மட்டும் சுழன்று தேயும். அந்தத் தேய்ப்பில் வார் பற்றிக்கொள்ளும். வேகம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வேக உணரி, வார் ஒருபக்கம் ஒதுங்கினால் அறிவிக்கும் உணரி, அடைப்பு உணரி ஆகிய மூன்றும் பெரிய செலவல்ல.

மூன்றாம் பாடம், பிளாக். தண்டவாளத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பகுதியில் வண்டி வராது என்று எழுத்து மூலம் உறுதி பெற்றபின்தான் ஆள் இறங்குவார். கன்வேயர் மூடியைத் திறப்பதும் அதே வேலைதான். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டவரே மூடியைக் கழற்ற வேண்டும். 'நான் சொன்னதும் போடு' என்று தூரத்திலிருக்கும் ஒருவரை நோக்கிக் கத்தும் ஏற்பாட்டில்தான் விரல்கள் போகின்றன.

மூலையில் தங்கும் ஒரு பிடி

மூடிய பெட்டியின் இன்னொரு குணம், அதற்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தீவனம் ஓடி முடிந்தபின் மூலைகளிலும் திருகின் அடியிலும் எலிவேட்டரின் அடித்தொட்டியிலும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்து வேறு தீவனம் ஓடும்போது அது கலந்துவிடும். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் மருந்து கோழிக்கு நன்மை செய்யும். அதே மருந்து சிறிதளவு குதிரையின் வயிற்றில் போனாலும் அதற்கு எமன். மாட்டுத்தீவனத்தில் யூரியா சேர்ப்பதுண்டு. மாட்டின் அசைபோடும் இரைப்பை அதைச் சமாளிக்கும், மற்ற விலங்குகளுக்கு அந்த வசதி இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை ஈரம். இடவப்பாதி தொடங்கிவிட்டால் துலா மாதம் வரை காற்றே நனைந்திருக்கும். தவிடும் சர்க்கரைப்பாகும் கலந்த பொருள் பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டால் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். சிலவகைப் பூஞ்சைகள் அஃப்லாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்கும். மாடு அதைத் தின்றால் அதன் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. இந்தியாவில் ஒரு கிலோ பாலில் அது 0.5 மைக்ரோ கிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உணவுப் பாதுகாப்பு விதி உள்ளது. கன்வேயரின் மூலையில் கிடந்த ஒரு பிடி மாவு குழந்தையின் பால் குவளை வரை பயணம் செய்ய முடியும் என்பதை ஆலை நடத்துவோர் மறக்கலாகாது.

ஆகவே வட்ட அடி கொண்ட பெட்டி, அடியில் தானாகத் திறக்கும் சுத்தக் கதவு, சங்கிலியில் எஃகுக் கம்பியோடு பிளாஸ்டிக் துடைப்பான், எந்தத் தீவனத்துக்குப் பின் எது ஓட வேண்டும் என்ற வரிசை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இயந்திரம் வாங்கப் போகும் நண்பர்கள் இந்த ஏழு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லட்டும்.

1. மணிக்கு எத்தனை கன மீட்டர்? என்னுடைய பொருளுக்கு அது எத்தனை டன்?

2. பேரிங்குகள் பெட்டிக்கு வெளியேதானே உள்ளன?

3. தூசி உறிஞ்சும் குழாயும் வடிகட்டியும் விலையில் சேர்ந்தவையா, 'அடுத்த கட்டமா'?

4. எலிவேட்டரில் வேக உணரி, வார் ஒதுங்கும் உணரி, வெடிப்புச் சாளரம் ஆகியவை உண்டா?

5. மூடியைத் திறந்தால் மோட்டார் தானாக நிற்குமா? பூட்டுப் போட இடம் உள்ளதா?

6. ஓடி முடிந்தபின் உள்ளே எத்தனை கிலோ தங்கும்? அதை எடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?

7. சங்கிலியும் பேரிங்கும் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, தருவிக்க வேண்டுமா?

மூன்றாம் கேள்விக்கும் ஐந்தாம் கேள்விக்கும் திருப்தியான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கன்வேயர் வந்தால் சுமை தூக்குவோரின் பிழைப்பு என்னாவது என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களுடைய வேலைக்கும் கூலிக்கும் நலநிதிக்கும் 1978லேயே தனிச்சட்டத்துக்கு வழி செய்த மாநிலம் இது. ஐம்பது கிலோவை ஆயுள் முழுவதும் தலையில் சுமந்தவரின் கழுத்தெலும்பும் முழங்காலும் ஐம்பது வயதில் என்ன ஆகின்றன என்பதை ரயில்வே கூட்ஸ் ஷெட்டுகளில் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்தவன் நான். அவர்களுடைய மகன்கள் அதே மூட்டையைச் சுமக்க வேண்டும் என்று அவர்களே விரும்புவதில்லை. அந்த மகன்களுக்குச் சங்கிலியின் இழுவிசையைப் பார்க்கவும், பேரிங்கின் ஓசையைக் கேட்கவும், பூட்டும் சாவியும் கையாளவும் ஆலை முதலாளி கற்றுக்கொடுத்தால் அதே ஆலையில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் நம் பிள்ளைகளும் இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்கலாம். கணினித் துறைதான் வேலை என்றில்லை. மக்கள் சாப்பிடும்வரை தானியம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நகர்த்தும் இயந்திரத்தை அறிந்தவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.